அந்தப் பாட்டில் பாடும் பெண்

வீட்டிலிருந்து,
திங்கட்கிழமை காலை.

என்றைக்கும் மரியாதைக்குரியவரும், இன்றைக்கு மட்டும் அதில் கொஞ்சம் குறைந்துபோனவருமான என் வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றிலிருந்து நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. போனுக்கு ஒரு கேடும் இல்லை. தையல் மேஜைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து கத்தரிக்கோல் வரை நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். போனில் சண்டை போட்டால் நீங்கள் நடுவில் ஒரு ஜோக் அடிப்பீர்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். சிரித்த பிறகு எங்கே சண்டை போடுவது? அதனால்தான் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை படியுங்கள்.

யார் அந்தப் பெண்?

தெரியாத மாதிரி முழிக்க வேண்டாம். நம் ‘ரெண்டு வீட்டுப் பாட்டு’ சேனலில் சனிக்கிழமை ஒரு பாட்டு ஏற்றியிருக்கிறீர்களே, அந்தப் பழைய மழை டூயட், அதில் உங்களோடு சேர்ந்து பாடுகிறாளே, அவளைத்தான் கேட்கிறேன்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது தெரியுமா? நீங்கள் சொல்லித் தெரியவில்லை. மாடி வீட்டு டீச்சர் நேற்று மத்தியானம் ஒரு கோட்டின் கை நீளத்தைக் குறைக்கக் கொண்டுவந்தார். நான் வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு அளவு குறித்துக்கொண்டிருக்கிறேன், அவர் மெதுவாக ஆரம்பிக்கிறார்: “என்னம்மா, உங்க வீட்டுக்காரரு வேற ஆள வச்சுப் பாட ஆரம்பிச்சுட்டாரா?” குண்டூசியை விழுங்காமல் இருந்தேனே, அதுவே பெரிய விஷயம்.

அவர் போனிலேயே போட்டுக் காட்டினார். நீங்கள் பாடுகிறீர்கள். சரி. பல்லவி முடிந்து பெண் குரல் வருகிறது. நான் இல்லை. யாரோ ஒருத்தி. குட்டி ஓடி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இந்த ஆன்ட்டி நல்லா பாடுறாங்கம்மா” என்கிறாள். பெற்ற பிள்ளை! டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷி பரிதாபப்படுவதை மறைக்கப் படும் பாட்டை நேற்றுத்தான் பார்த்தேன்.

படமாவது நம் படமா? வழக்கமாக நாம் இரண்டு பேரும் இருக்கும் அந்தக் கல்யாண வீட்டுப் படத்தைத்தான் போடுவீர்கள். இந்தத் தடவை பெரிய மைக் முன்னால் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு எவளோ நிழலாக நிற்கிறாள். எனக்கு அப்படி முடி இருந்ததும் இல்லை, அப்படி மைக் இருந்ததும் இல்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார் பாருங்கள்: “புதுப் பாடகி யாரு? பழைய பொண்ண விட இவங்க எவ்வளவோ மேல்.” அதற்குக் கீழே நீங்கள் சிவப்பாக ஒரு இதயம் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையால். கையும் களவுமாக மாட்டிக்கொண்டீர்கள். யாராவது தெருவில் நின்று உங்கள் எதிரிலேயே என்னை இப்படிச் சொன்னால், “ரொம்ப தேங்க்ஸ்” என்று கை குலுக்குவீர்களா?

இந்தச் சேனலை எதற்குத் தொடங்கினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கடல் தாண்டி லிப்ட் மெக்கானிக் வேலைக்குப் போன புதிதில் தினமும் போனில் பேசுவோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குட்டி தூங்கிவிட்டாளா, தூங்கிவிட்டாள். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ‘அப்புறம்’ ‘அப்புறம்’ என்று சொல்லிக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் நீங்கள்தான், பேச ஒன்றும் இல்லையென்றால் பாடுவோமே என்றீர்கள். நீங்கள் அங்கே உங்கள் வரிகளைப் பாடி, நான் இங்கே என் வரிகளைப் பாடி, நீங்கள் லேப்டாப்பில் ஒட்டிச் சேனலில் ஏற்றி, முன்பின் தெரியாதவர்கள் கேட்டு... எனக்கு அந்த முன்பின் தெரியாதவர்கள் முக்கியமில்லை. ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் குடும்பம் நடத்துவது. வேறென்ன இருக்கிறது நம்மிடம்?

அதற்கு நான் என்ன பாடு படுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். காற்றுச் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்துகிறேன். உறுமல் விழும் என்று பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குகிறேன். அலமாரிக் கதவு இரண்டையும் திறந்து, வாடிக்கையாளர்களின் கோட்டும் கம்பளியும் சுற்றிலும் தொங்க, நடுவில் செருப்புப் பெட்டிக்குள் துணி திணித்துப் போனை வைத்து, போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பாடுகிறேன். உங்கள் குரலோடு பொருத்த வசதியாக இருக்கும் என்று ஆரம்பத்தில் மூன்று தட்டுத் தட்டச் சொன்னீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தட்டுகிறேன். அந்த மழைப் பாட்டு பாடிய அன்று பிளக்கைத் திரும்பப் போட மறந்து பால் மொத்தமும் திரிந்துபோனது. அப்படிப் பாடி அனுப்பியதை எப்போது ஏற்றுவீர்கள் என்று கேட்டபோதெல்லாம் என்ன சொன்னீர்கள்? சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். நானும் நம்பினேன். என் பால் திரிந்தது அவள் பாடுவதற்காக என்று அப்போது தெரியாது.

பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் பாடுகிறாள். குரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எங்கேயும் திணறவில்லை. சரணத்தில் மூன்றாவது வரிக்கு நான் எப்போதும் கொஞ்சம் பிந்தி வருவேன், அவள் டக்கென்று சரியாக வந்து நிற்கிறாள். மூச்சே விடாமல் பாடுகிறாள். அப்படிப்பட்டவளை எங்கே பிடித்தீர்கள்? வேலை செய்யும் கட்டிடத்திலா? லிப்டில் ஏறி இறங்குகிறவளா?

இப்போது யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. போனில் பேசும்போது நடு நடுவே உங்கள் பக்கம் சத்தமே இல்லாமல் போகிறது. கேட்டால், லிப்ட் ஓடும் குழிக்குள் சிக்னல் வராது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரூமில் இருக்கும்போதும் குழிக்குள்தான் இருக்கிறீர்களா? இந்த வருஷக் கடைசியில் வந்துவிடுவேன் என்று குட்டியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், போன மாதம், இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்புகிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் தலையில் மிளகாய் அரைக்கிறீர்கள்?

மற்றபடி இங்கே எல்லாம் இருந்தபடிதான் இருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. குட்டிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் அவளுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அவள் யார்? அது தெரிகிற வரைக்கும் நான் பாடப்போவதில்லை. ‘ரெண்டு வீட்டுப் பாட்டு’ என்று பெயர் வைத்தீர்கள். அந்த இரண்டாவது வீடு எது என்று சொல்லிவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதினாலும் அதை எழுதாமல் முடிக்க வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இதுவரைக்கும்).


வீட்டிலிருந்து,
புதன்கிழமை, குட்டி பள்ளிக்கூடம் போன பிறகு.

ரொம்பக் கெட்டிக்காரரான என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. “பைத்தியமே, அது நீதான்” என்று ஒரே வரி. அதற்குக் கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக. யாருக்குக் காதில் பூ சுற்றுகிறீர்கள் என்று நான் கேட்டதும், நம்பாவிட்டால் நீயே கேட்டுக்கொள் என்று அந்தப் பாட்டின் போல்டரை முழுசாக அனுப்பி வைத்தீர்கள். டீச்சர்தான் வந்து திறந்து காட்டிக் கொடுத்தார். நல்லவேளையாக மாடியில் குக்கர் விசில் கேட்டு அவர் ஓடிவிட்டார், மிச்சத்தைத் தனியாக உட்கார்ந்து கேட்டேன்.

கேட்டேன். அது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். உங்கள்மேல் அநியாயமாகச் சந்தேகப்பட்டது தப்புதான்.

இப்போது சந்தோஷமா? இருங்கள். அதற்குள் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டாம். அவள் வேறொருத்தியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நீங்கள் வேலை செய்தபடியே ஒவ்வொன்றாக எண் போட்டு வைத்திருக்கிறீர்கள். முதல் பைலில் நான் இருக்கிறேன். மூன்று தட்டு. நாற்காலி கிரீச் என்கிறது. குட்டி கதவைத் தட்டி அழிரப்பர் எங்கே என்று கேட்கிறாள், நான் ‘உஸ்’ என்கிறேன். அப்புறம் பாடுகிறேன். நன்றாகப் பாடுகிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான்தான் பாடுகிறேன். அடுத்ததில் நாற்காலியும் குட்டியும் போய்விட்டார்கள். சரி, அது நியாயம், ஊருக்குப் பாட்டுப் போடும்போது அழிரப்பர் எதற்கு. அதற்கு அடுத்ததில் என் மூச்சு போய்விட்டது. வரிக்கு வரி நான் மூச்சு இழுக்கும் இடத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு சுருதியை இஸ்திரி போட்டிருக்கிறீர்கள். நான் ஏறும்போது கொஞ்சம் சறுக்கி ஏறுவேனே, அந்தச் சறுக்கல் எங்கேயும் இல்லை. தாளத்துக்குப் பிந்தின இடத்தையெல்லாம் இழுத்து வந்து நேராக நிறுத்தியிருக்கிறீர்கள். என் குரல் கட்டை என்று இரண்டு படி உயர்த்தி, ஒரே குரலை இரண்டாக அடுக்கி, கடைசியில் பெரிய மண்டபத்தில் நின்று பாடுகிற மாதிரி எதிரொலியும் போட்டிருக்கிறீர்கள். எந்த பைல் வரைக்கும் நான் வீட்டில் இருந்தேன், எதில் கிளம்பிப் போனேன் என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மூச்சு போன இடத்திலேயே பாதி கிளம்பிவிட்டேன்.

ஏங்க, சொந்தக் குரலைக் கேட்டு, எவளோ என் புருஷனை மடக்கிவிட்டாள் என்று ஒரு பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள் என்றால், நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்திருக்க வேண்டும்!

உனக்குத் தெரியாமல் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியப்பட்டேன். ஒரு குறையும் இல்லை. இந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஒழுங்குபடுத்தாமல் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறீர்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மறந்துவிட்டதா? ஊரில் பாதிப் பேர் துணியை ஒழுங்குபடுத்தித் தருவது நான்தான். இடுப்பு பிடிக்கிறதா, தையலைப் பிரித்து விடுகிறேன். தோள் தொங்குகிறதா, பிடித்துத் தைக்கிறேன். துணி சரியில்லை என்றால் துணியைத்தான் வெட்டுவேன். போட்டுக்கொள்ளும் ஆளை வெட்ட மாட்டேன்.

அப்புறம் அந்த இதயம். அதற்கும் ஒரு சமாதானம் எழுதியிருக்கிறீர்கள், அவர் பாராட்டியது உன்னைத்தானே என்று. ஐயா, அவர் பாராட்டியது அவளை. மட்டம் தட்டியது என்னை. இரண்டு பேரும் நான்தான் என்றால், நீங்கள் எந்தப் பக்கம் இதயம் போட்டீர்கள்? இதை மட்டும் நீங்கள் சிரிக்காமல் யோசிக்க வேண்டும். அவர் முன்பின் தெரியாத ஆள், அவருக்கு நான் வெறும் சத்தம். நீங்கள் அப்படியா? அந்த மூச்சுக்குப் பக்கத்தில் எத்தனை வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறீர்கள்? அதை ஒரு விரலால் தொட்டு அழிக்க எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். மூன்றாவது வரிக்கு நான் ஏன் பிந்துவேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தாளம் தெரியாமல் இல்லை. கல்யாணமான புதிதில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது இந்தப் பாட்டைப் பாடுவோமே, அப்போதே அதற்கு முந்தின வரி உங்களுக்கு நீளம். கடைசி வார்த்தைக்கு வரும்போது மூச்சு வாங்கும். ஆனாலும் விட மாட்டீர்கள், முக்கி முனகி இழுத்து முடிப்பீர்கள். நீங்கள் முடிக்கட்டும் என்றுதான் நான் ஒரு நொடி நிற்பேன். அந்தப் பழக்கம் இன்றைக்கு வரைக்கும் போகவில்லை. நீங்கள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் போர்வைக்குள் நின்று காத்திருந்துதான் எடுக்கிறேன். அதைத்தான் தப்பு என்று நினைத்து நீங்கள் திருத்தி வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். என் கை உங்களுக்கு எட்டாது, முகத்தை அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்க்கிறீர்கள். குரல் ஒன்றுதான் அப்படியே வந்து சேர்கிறது என்று நினைத்திருந்தேன். அதையும் வழியிலேயே மாற்றிவிட்டால், இன்னும் ஒரு வருஷம் கழித்து நீங்கள் வந்து கதவைத் தட்டும்போது யாரைத் தேடி வருவீர்கள்? கட்டையான குரலில், மூச்சு வாங்கிக்கொண்டு, யாருங்க அது என்று கேட்டபடி ஒருத்தி கதவைத் திறப்பாள். அவளை உங்களுக்கு அடையாளம் தெரியுமா? எனக்கே அவளைத் தெரியாமல் போய்விட்டதே.

சிரிக்கும் மூஞ்சிகளை அனுப்பினால் இந்தக் கடிதத்துக்குப் பதில் ஆகாது. அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த முடி விரித்தவளையே கூப்பிட்டு இனிமேல் பாடச் சொல்லுங்கள்.

குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார், வாஷர் போட்டார், இன்னும் சொட்டுகிறது. போல்டரில் உங்கள் குரல் பைல்களும் நிறைய இருக்கின்றன. நீங்கள் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. உங்கள்மேல் இருக்கும் கடுப்பில் இன்னும் திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மூட்டை வந்து கிடக்கிறது, அதை முடித்துவிட்டுக் கேட்கிறேன். நீங்கள் மட்டும் எத்தனை சுத்தமாகப் பாடுகிறீர்கள் என்று பார்த்துவிடலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சுத்தம் செய்யப்படாத
உங்கள் மனைவி.


வீட்டிலிருந்து,
வெள்ளிக்கிழமை.

என் அன்பானவருக்கு,

உங்கள் பைல்களைக் கேட்டுவிட்டேன்.

பாட்டை எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். மன்னித்துக்கொள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது புதன்கிழமைச் சண்டைக்கு. இது வேறு.

எப்போது இருந்து அந்த இருமல்?

என்ன இருமல் என்று மழுப்ப வேண்டாம். மூன்று தட்டுத் தட்டுகிறீர்கள். இருமுகிறீர்கள். பல்லவி பாடுகிறீர்கள். என் வரி வரும் இடத்தில் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுகிறீர்கள். எனக்குக் கேட்காதாம். உங்கள் வரி வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பப் பாட ஆரம்பிக்கிறீர்கள். அந்த நீள வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் நாலு தடவை தனித்தனியாகப் பாடித் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறீர்கள். சேனலில் கேட்டபோது அந்தக் கோபத்திலும், பரவாயில்லையே, இப்போதெல்லாம் அந்த வரியை எவ்வளவு சுலபமாகப் பாடுகிறார் என்று நானே நினைத்தேன்.

இது இந்த மழைப் பாட்டில் மட்டும் இல்லை. போல்டருக்குள் பழைய பாட்டுகளும் கிடந்தன. ஒன்றையும் விடவில்லை. போன மழைக்காலத்தில் அனுப்பிய பாட்டிலேயே இருக்கிறது. அப்போது எப்போதாவது ஒன்று, சின்னதாக. போகப் போக நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து வெட்டி எறிந்துவிட்டு, துடைத்து வைத்த புருஷனை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். போனில் பேசும்போது சத்தம் இல்லாமல் போவதும் இதுதானே? சிக்னல் இல்லை, குழிக்குள் இருக்கிறேன் என்று கதை அளந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருமி முடித்து, அப்புறம் சொல்லு என்பீர்கள். நானும் அப்புறம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு!

உங்கள் ரூமில் கூட இருக்கும் சமையல்கார அண்ணன் பேசுவதும் அதில் விழுந்திருக்கிறது. நீங்கள் தட்டி முடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து சொல்கிறார்: “மொதல்ல டாக்டரப் பாரு, அப்புறம் பாடலாம். வீட்டுல சொன்னியா இல்லையா?”

நீங்கள் சொல்கிறீர்கள்: “சொன்னா அவ பாட மாட்டா. கெளம்பி வான்னுதான் சொல்லுவா.”

இதை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். எதிரே மாட்டியிருந்த கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அது டீச்சரின் கோட்டு, இன்னொரு தடவை துவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த லிப்ட் குழிக்குள் இருக்கும் தூசிதான் என்று எனக்குத் தெரிகிறது. முகமூடி போட்டால் வேர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுவேன் என்று ஒரு தடவை நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். வேர்த்தால் என்ன? நான் போர்வைக்குள் வேர்க்கவில்லையா? கோபம் கோபமாக வருகிறது. உங்கள்மேல், அந்தக் குழிமேல், ஒரு தொடுதலில் எதையும் இல்லாமல் செய்துவிடும் அந்த மென்பொருள்மேல், இத்தனை நாள் கேட்டும் ஒன்றும் கேட்காத என் காதுமேல். கட்டின புருஷன் இருமுவது தெரியாமல், என்னவோ சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தேன். குட்டிக்கு லேசாகச் சளி பிடித்தால் உங்களுக்கு மூன்று தடவை செய்தி அனுப்புகிறேன். உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டினால் நான் பாட்டு பாடிக்கொண்டிருக்க வேண்டுமா? இதுவா நியாயம்?

குட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சும்மா இருக்கிறவளா? நான் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றிருக்கிறாள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. தன் இருமல் மருந்துப் பாட்டிலைக் கொண்டுவந்து தையல் மேஜைமேல் வைத்துவிட்டு, இத அப்பாவுக்கு அனுப்பலாமா என்றாள். பிள்ளைக்குத் தோன்றியது பெரியவருக்குத் தோன்றவில்லை.

நாளைக்குக் காலையிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும். சமையல்கார அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் நம்பரை என்னிடம் கொடுங்கள். டாக்டர் சொன்னதை நீங்கள் சொல்லக் கூடாது, அவர் சொல்ல வேண்டும். உங்கள் வாயிலிருந்து வருவதை இனி வெட்டி ஒட்டாத பைல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இத்தோடு ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறேன். அதே மழைப் பாட்டுதான். இன்று காலையில் பாடினேன். மின்விசிறி ஓடுகிறது. பிரிட்ஜ் உறுமுகிறது. குழாய் சொட்டுகிறது. போர்வை போடவில்லை, செருப்புப் பெட்டியும் இல்லை, தையல் மேஜைமேல் போனை வைத்துவிட்டுச் சும்மா நின்று பாடினேன். நடுவில் குட்டி ஒரு தடவை தும்முகிறாள். மூன்று தட்டு இருக்கிறது. என் வரிகள் எல்லாம் இருக்கின்றன, என் கட்டைக் குரலில், என் சறுக்கலோடு. பின்னணி இசையைப் போடவில்லை. உங்கள் குரலையும் காதில் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வரிகள் வரும் இடத்தில் ஒன்றும் இல்லை. நான் நின்றுகொண்டிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்டால் என் மூச்சு கேட்கும். அந்த நீள வரி இருக்கிறதே, அங்கே கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறேன். இப்போது உங்களுக்கு அது முடிய இன்னும் நேரமாகும் என்று தெரியும். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

அந்த இடத்தை வெட்டாதீர்கள். அங்கிருந்து பாடி அனுப்பி அதில் ஒட்டவும் வேண்டாம். எழுதிக் கொடுத்த அந்த ஒரு வருஷத்தை அவர்களிடம் எப்படிச் சொல்லித் திரும்ப வாங்குவது என்று நீங்களும் சமையல்கார அண்ணனும் உட்கார்ந்து யோசியுங்கள். நான் என்ன சொல்லுவேன் என்று உங்களுக்குத்தான் முன்னாலேயே தெரியுமே. தெரிந்தவரைக் காக்க வைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பி வாருங்கள். இருமிக்கொண்டே வாருங்கள், பரவாயில்லை.

நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள்
பழைய பொண்ணு.